ஆழியாறு செக்போஸ்ட்டில் எரிந்த ஆயில் லைட்

மாதத்தில் ஒரு நாள் வால்பாறைக்குப் போவேன். அங்கே டெய்லர் கடைகளிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் இருக்கிற தையல் மெஷின்களைச் சர்வீஸ் செய்வதுதான் என் தொழில். பொள்ளாச்சியிலிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. என் வண்டி 1997 மாடல் மாருதி ஆம்னி வேன். கார்புரேட்டர் வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர். பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு மெஷின் தலை, ஒரு மோட்டார், பெல்ட், பாபின் கேஸ், ஊசி டப்பா என்று எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றி வைத்திருக்கிறேன். 2009ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என் கடை, குடோன், சாப்பாட்டு மேஜை எல்லாமே அதுதான்.

போன மாசி மாதம் ஒரு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கியரிலேயே எஞ்சின் பிடிப்பில் இறங்கினால்தான் பிரேக் சூடாகாது, அதனால் எஞ்சின் வழியெல்லாம் கத்திக்கொண்டுதான் வரும். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூவில் ஒரு டீ குடித்தேன். குரங்கு அருவியைத் தாண்டி ஆழியாறு செக்போஸ்ட்டில் நாலைந்து வண்டிகளுக்குப் பின்னால் நின்றேன். ஐடிலிங்கில் எஞ்சின் லேசாகக் குலுங்கியது. டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு லைட் மினுக் மினுக்கென்று எரிந்தது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அணைந்தது. காலை எடுத்ததும் மறுபடி எரிந்தது.

உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். செக்போஸ்ட்டில் இருந்த வனக்காவலர் ஒருவரும் பின்னால் நின்ற கார்க்காரரும் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார்கள். "ரேஸ் பண்ணா லைட்டு அணையுதில்லீங்க, அப்படியே மெதுவா ஓட்டிட்டுப் போயிரலாமே" என்றார் கார்க்காரர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த லைட்டைப் பற்றி எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பெட்ரோல் முள் மாதிரி அது முன்கூட்டியே சொல்லிவைக்கிற சமாச்சாரம் கிடையாது. எஞ்சின் பிளாக்கில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஆயில் பிரஷர் சுமார் 0.3 கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பது பட்டறைக் கணக்கு) கீழே விழுந்தால்தான் அது லைட்டை எரியவிடும். அதாவது லைட் எரியும்போது பிரஷர் ஏறக்குறைய இல்லை என்றே அர்த்தம்.

தையல் மெஷின் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பவர் மெஷினின் தலையில் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கும். மெஷின் ஓடும்போது அதற்குள் ஆயில் தெறித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெறிப்பது நின்றுவிட்டால் அந்த நிமிஷமே கால் பெடலை விட்டாக வேண்டும். "இந்த ஒரு சட்டைய முடிச்சிட்டு நிறுத்தறேன்" என்று ஓட்டியவர்களின் மெஷின்களை நான் பிரித்திருக்கிறேன். ஷாஃப்டும் புஷ்ஷும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நீலம் பாய்ந்து கிடக்கும். எஞ்சினிலும் கிராங்க் ஷாஃப்ட் என்கிற முக்கியத் தண்டு, தன்னைத் தாங்குகிற பேரிங்கைத் தொடாமல் ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. படலம் போனால் இரும்பு பேரிங்கைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின் தெரியும். தூக்கினேன். பத்து நிமிஷம் பொறுத்து, ஆயில் மட்டம் பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. "ஆயில் நிறையவே இருக்கு, அப்ப சுவிட்ச்தான் கெட்டிருக்கும்" என்று நினைத்துக்கொண்டேன். டிப்ஸ்டிக் அப்போதே பதிலைச் சொல்லிவிட்டது. அது பதில் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் எட்டு நாள் ஆனது.

நண்பர் ஒருவரின் குட்டி யானை வந்து, கயிறு கட்டி இழுத்து, இரவு ஒன்பதரைக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பக்கத்துத் தெரு ஒர்க் ஷாப்பிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடாக்கி, லைட் மினுக்குவதைப் பார்த்தார். "அண்ணா, பேரிங் போச்சுங்க. வயசான எஞ்சின்ல இது சகஜம். இறக்கிப் பிரிச்சரலாங்க" என்றார். முப்பதாயிரத்துக்குக் குறையாது என்றும் சொன்னார். இன்னொருவர் இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் லைட் அணைந்துவிடும் என்றார். மூன்றாமவர் சுவிட்சை மாற்றச் சொன்னார். மூவரில் ஒருவர்கூடப் பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கும் அது தோன்றவில்லை.

செலவு குறைந்தது சுவிட்ச்தான் என்பதால் அதிலிருந்து ஆரம்பித்தேன். சுவிட்சையும் ஒயரையும் வீட்டிலேயே சோதித்துவிடலாம். அந்தச் சுவிட்ச்சுக்கு ஒரே ஒரு ஒயர்தான். எர்த் அதன் மரை வழியாக பிளாக்குக்குப் போகிறது. சாவியை ஆன் செய்தால், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், லைட் எரிய வேண்டும். ஒயரைச் சுவிட்சிலிருந்து உருவினால் அணைய வேண்டும். உருவின பிறகும் எரிந்தால் ஒயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது என்று பொருள். அந்த ஒயரின் முனையை எஞ்சின் பாடியில் தொட வைத்தால் மறுபடி எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்போ ஒயரோ போயிருக்கிறது. அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் உண்மையாகவே பிரஷர் போகிற நாளில் லைட் வாய் திறக்காது. இதற்காகவே தினமும் சாவியை ஆன் செய்ததும் ஒரு விநாடி நின்று, லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.

என் வண்டியில் ஒயர் சுத்தம், பல்பும் சுத்தம். சுவிட்சைச் சுற்றி லேசாக ஆயில் கசிந்திருந்தது. நூற்றைம்பது ரூபாய்க்குப் புதுச் சுவிட்ச் வாங்கிப் போட்டேன். மரையில் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுக்கு மேல் சுற்றவில்லை. நிறையச் சுற்றினால் எர்த் சரியாகக் கிடைக்காமல் போய், லைட்டே எரியாமல் போகலாம். எஞ்சின் சூடானதும் புதுச் சுவிட்சும் பழையது மாதிரியே மினுக்கியது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க லாரிப் பட்டறையில் இருந்தவர், இப்போது பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதோடு சரி. வண்டி மூன்று நாளாக வாசலிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பிரஷர் எத்தன கிலோன்னு பாத்தீங்களா தம்பி?"

மறுநாள் கோயமுத்தூர் போனேன். பம்பு, மோட்டார் சாமான் விற்கிற கடைகளுக்கு அங்கே குறைவில்லை. பூஜ்யத்திலிருந்து ஏழு கிலோ வரை காட்டும் கிளிசரின் நிரப்பிய கேஜ் ஒன்று வாங்கினேன். முள் நடுங்காமல் நிற்பதற்காகத்தான் கிளிசரின். கேஜின் மரை கால் அங்குலம், ஆனால் ஜப்பான் வழி வந்த இந்த எஞ்சின்களில் சுவிட்ச் உட்காருகிற மரை 1/8 அங்குல பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் அளவு, போகப் போகக் குறுகுகிற டேப்பர் மரை. அமெரிக்க கேஜ் செட்களோடு வருகிற என்பிடி மரையும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும். ஆனால் அதில் அங்குலத்துக்கு 27 மரை, இதில் 28. முறுக்கி ஏற்றினால் பிளாக்கின் மரை போய்விடும். மரையில் ஏமாந்த வீட்டு மெஷின்களை நிறையப் பார்த்த அனுபவத்தால் பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் அதை வைத்தே அளந்து, பொருந்துகிற அடாப்டரையும் அரை மீட்டர் ஹோஸையும் கொடுத்தார். மொத்தம் தொள்ளாயிரம் ரூபாய் ஆனது. அந்த மாதம் நான் செய்த செலவுகளில் மிகவும் பிரயோஜனமானது இதுதான்.

பிரஷரை மட்டும் தனியாக அளந்தால் போதாது, எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடும்போது எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆம்னியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது. ஆனால் மோட்டார் வேகம் பார்க்க என்னிடம் ஒரு டேக்கோ மீட்டர் இருக்கிறது. சுற்றுகிற பாகத்தில் பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டி, சிவப்பு வெளிச்சத்தை அதன்மேல் காட்டினால் எண் வந்துவிடும். கிராங்க் புல்லியில் ஸ்டிக்கரை ஒட்டினேன். நாலு சக்கரத்துக்கும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் விட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டுதான் பக்கத்தில் போனேன். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிற துணி ஆகாது. மகன் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டான்.

எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்ததும் 3.8 கிலோ. அதைப் பார்த்ததும் பெரியவர் தலையாட்டினார். இருபத்தைந்து நிமிஷம் ஓடி, ரேடியேட்டர் நன்றாகச் சூடான பிறகு நிலவரம் வேறாக இருந்தது. ஐடிலிங்கில் முள் 0.3க்கும் 0.4க்கும் நடுவே ஆடியது. 2000 சுற்றில் 1.1. 3000 சுற்றில் 1.7.

பட்டறைகளில் ஒரு பழைய கணக்கு உண்டு. எஞ்சின் சூடான பிறகு ஆயிரம் சுற்றுக்குக் குறைந்தது 10 பிஎஸ்ஐ, அதாவது கிட்டத்தட்ட 0.7 கிலோ இருக்க வேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் கம்பெனி மேனுவலில் தனி அளவு இருக்கும், அதுதான் கடைசித் தீர்ப்பு. ஆனாலும் முதல் பார்வைக்கு இந்தக் கணக்கு போதும். அதன்படி 3000 சுற்றில் 2.1 இருந்திருக்க வேண்டும். ஆக லைட் பொய் சொல்லவில்லை. ஆழியாற்றில் வண்டியை நிறுத்தியது சரிதான் என்று அப்போதுதான் மனசு அடங்கியது.

இந்த நாலு எண்ணை வைத்தே பெரியவர் பாதி எஞ்சினை ஒதுக்கிவிட்டார், ஒரு நட்டுகூடக் கழற்றாமல். அவர் யோசித்த விதத்தை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

ஆயில் பம்பு பிரஷரை நேரடியாக உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளுகிற ஆயில் பேரிங் சந்துகள் வழியாகக் கசிந்து வெளியே போகிறது. வேகமாகத் தள்ளி மெதுவாகக் கசிந்தால் பிரஷர் ஏறும். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் அழுத்துகிற மாதிரி. அப்படியானால் பிரஷர் குறைய இரண்டே வழி: தள்ளுவது குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கசிவது கூடியிருக்க வேண்டும். பம்பு அதிகம் தேய்ந்திருந்தாலோ, பிரஷர் கூடினால் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தாலோ, குளிர்ந்த எஞ்சினிலும் பிரஷர் சரியாக ஏறாது. நமக்கு 3.8 ஏறியது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சேம்பருக்குள் ஆயிலை உறிஞ்சுகிற ஸ்ட்ரெய்னர் வலையில் கசடு அடைத்திருந்தால் ஐடிலிங்கில் ஓரளவு நன்றாக இருக்கும், வேகம் கூடக்கூட பம்புக்கு ஆயில் பற்றாமல் முள் கீழே இறங்கும். நமக்கோ வேகத்தோடு சேர்ந்து முள் ஒழுங்காக ஏறியது, குறைவாக ஏறியது என்பது மட்டும்தான் குறை. ஆயில் மட்டம் குறைந்திருந்தால் வளைவுகளிலும் பிரேக் போடும்போதும்தான் லைட் முதலில் மின்னும். நாற்பது வளைவிலும் மின்னாத லைட், நேராக நிற்கும்போது எரிந்தது.

மிச்சம் இருந்தது இரண்டு. பேரிங் சந்து தேய்ந்து அகன்றிருக்க வேண்டும், அல்லது ஆயில் நீர்த்துப் போயிருக்க வேண்டும். கேஜில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். குளிரில் நல்லது, சூட்டில் மோசம். முதல் மெக்கானிக் பேரிங் என்று சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒன்றுக்கு எஞ்சினை இறக்க வேண்டும், இன்னொன்றுக்கு சேம்பர் போல்ட்டைக் கழற்றினால் போதும். சின்னதை முதலில் பார்க்காமல் பெரியதில் கைவைக்கக் கூடாது.

"ஆயில் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார். தீபாவளிக்கு முன்னால் மாற்றியது, ஓடியது மூவாயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது, நல்ல கடையில் வாங்கிய 20டபிள்யூ-40. அதில் 40 என்கிற எண்ணுக்கு ஓர் அளவு இருக்கிறது. 100 டிகிரி சூட்டில் அந்த ஆயிலின் கொழகொழப்பு 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறையாமல், 16.3ஐ எட்டாமல் இருக்க வேண்டும். மூவாயிரம் கிலோமீட்டரில் அது அப்படியொன்றும் தண்ணியாகிவிடாது. அன்று அந்த இடத்தில் இருவரும் மாட்டிக்கொண்டோம்.

முடிச்சை அவிழ்த்தது என் மனைவி. டிப்ஸ்டிக் துடைக்க எப்போதும் வீட்டில் கிடக்கிற வெட்டுத் துணியைத்தான் எடுப்பேன். அவள் பிளவுஸ் தைக்கிறவள், வெள்ளை லைனிங் துணியின் ஓரங்கள் பை நிறையக் கிடக்கும். அன்று சாயங்காலம் நான் துடைத்துப் போட்ட துணியை எடுத்துவிட்டு, "ஏங்க, இதுல பெட்ரோல் ஊத்தினீங்களா? இப்படி நாறுது" என்றாள்.

நான் மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினாறு வருஷமாகச் சீட்டுக்கு அடியில் கார்புரேட்டரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்குப் பெட்ரோல் வாசனை காற்று மாதிரி ஆகிவிட்டது. மகனிடம் கொடுத்தேன், "ஆமாப்பா, பெட்ரோல்தான்" என்றான். துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மேல் கோட்டைத் தாண்டி நின்ற ஒரு விரற்கடை ஆயில் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. ஓடுகிற எஞ்சினில் ஆயில் தானாகக் கூட வழியே இல்லை. கூடியிருந்தால் வேறு ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது, தண்ணீராக இருந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது வெளுக்கவில்லை, மெலிந்திருந்தது.

உறுதி செய்துகொள்ள ஒரு சின்ன வேலை செய்தோம். ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து, டப்பாவில் மிச்சம் இருந்த புது ஆயிலில் ஒரு சொட்டு, டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில் விட்டோம். புதியது நல்லெண்ணெய் மாதிரி நிதானமாக இறங்கியது. மற்றது தண்ணீர் மாதிரி ஓடிக் கீழே போனது. என் மெஷின் ஆயிலைவிடக் கொஞ்சம்தான் கெட்டி.

சேம்பர் போல்ட்டைக் கழற்றி அளவு ஜாடியில் வடித்தோம். நான் ஊற்றியது மூன்று லிட்டர். வடிந்தது மூன்றரைக்கும் மேலே. இத்தனை பெட்ரோல் கலந்த ஆயிலை வைத்துக்கொண்டு எந்த எஞ்சினும் பிரஷரைக் காப்பாற்ற முடியாது. வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில், பீடி சிகரெட் அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் வடிக்க வேண்டும், ஏனென்றால் ஜாடியில் இருக்கிற ஆயிலில் பெட்ரோலும் கலந்திருக்கிறது. ஐடிலிங்கில் எஞ்சின் குலுங்கியதற்கும் காரணம் இதுதான். ஆயிலிலிருந்து கிளம்புகிற பெட்ரோல் ஆவி, எஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் ஹோஸ் வழியாக மறுபடி கார்புரேட்டருக்கே போய், காற்றோடு கலக்கிற பெட்ரோலை அளவுக்கு மேல் கூட்டிவிடுகிறது.

பெட்ரோல் எந்த வழியாக வந்தது? கார்புரேட்டர் வழிந்து சிலிண்டர் வழியாக இறங்கலாம், அல்லது சோக் கேபிள் மாட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டிலும் பிளக் கரி பிடித்து ஈரமாக இருக்கும். மூன்று பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன், வெளிர் பழுப்பு நிறத்தில் காய்ந்து இருந்தன. அப்புறம் பெரியவர் சொன்னார், "ஏசி பம்பக் கழட்டுங்க தம்பி."

இதை முதல் தடவை கேட்கிறவர்கள் குழம்புவார்கள். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய வண்டிகளில் பெட்ரோலை டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குத் தள்ளுகிற மெக்கானிக்கல் பம்புக்குப் பட்டறைகளில் அதுதான் பேர். எஞ்சின் தலையின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள ஒரு லீவர் அசையும், லீவர் ஒரு ரப்பர் டயாஃப்ரத்தை மேலும் கீழும் இழுக்கும். டயாஃப்ரத்துக்கு ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் எஞ்சினுடைய உள்வயிறு. நடுவில் இருக்கிற அந்தத் துணி பதித்த ரப்பர் விரிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலோடு போய்ச் சேரும். வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாது, வண்டியும் நிற்காது.

இரண்டு நட்டு. கழற்றி எடுத்து, உள்வரும் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் வைத்து லீவரைக் கட்டைவிரலால் பத்துப் பதினைந்து தடவை அழுத்தினேன். லீவருக்குப் பின்னாலிருந்து ஈரம் கசிந்து, என் மணிக்கட்டு வழியாக இறங்கியது. பிரித்துப் பார்த்தபோது டயாஃப்ரத்தின் ஓரத்தில், மடிப்பு விழுகிற இடத்தில், நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதற்கு வயசாகிவிட்டது, வேறு குற்றம் சொல்ல முடியாது. இப்போது பங்க்குகளில் வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதையும் நினைக்க வேண்டும். அந்தக் காலத்து ரப்பர் எல்லாமே எத்தனாலைத் தாங்குகிற மாதிரி செய்யப்பட்டவை இல்லை. கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிறவர்கள் பெட்ரோல் ஹோஸையும் இந்த டயாஃப்ரத்தையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். விஷயம் உண்மையிலேயே தீயோடு சம்பந்தப்பட்டது.

புதுப் பம்பு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. புதுப் பேக்கிங், புது ஆயில் ஃபில்டர், அதே 20டபிள்யூ-40. கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொன்னவரின் யோசனை நினைவுக்கு வந்தது. பேரிங் உண்மையிலேயே தேய்ந்த எஞ்சினை இன்னும் ஒரு வருஷம் ஓட்ட வேண்டும் என்றால் அது ஒரு வழி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் தெரிவதற்கு முன்னால் ஊற்றியிருந்தால் லைட் கொஞ்ச நாள் அணைந்திருக்கும், நான் நிம்மதியாக மலை ஏறியிருப்பேன், பெட்ரோல் பாட்டுக்கு உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

எஞ்சினை ஓட்டுவதற்கு முன் ஒரு கவலை பாக்கி இருந்தது. இத்தனை நாள் நீர்த்த ஆயிலில் ஓடியதில் பேரிங் அடிபட்டிருக்குமா? பழைய ஃபில்டரைத் தகரம் வெட்டுகிற கத்தரியால் வெட்டினோம். ரம்பத்தால் அறுக்கக் கூடாது, அறுத்தால் அதன் பொடியே உள்ளே விழுந்து ஏமாற்றும். உள்ளே இருந்த மடிப்புத் தாளை எடுத்து, பிழிந்து, வெயிலில் விரித்துப் பார்த்தேன். பேரிங் போயிருந்தால் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுப்புத் தெரியும். கறுப்புக் கசடு இருந்தது, காந்தத்தில் ஒட்டிய மிகச் சில துகள்கள் இருந்தன, வேறு மினுமினுப்பு எதுவும் இல்லை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்த்தார். "பொழைச்சுக்கிச்சு" என்றார்.

கேஜைக் கழற்றாமலேயே ஸ்டார்ட் செய்தோம். லைட் இரண்டு விநாடியில் அணைந்தது. அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு அதே டேக்கோ மீட்டர், அதே ஸ்டிக்கர், ஆக்சிலேட்டரில் அதே மகன். ஐடிலிங்கில் 1.0. 2000 சுற்றில் 2.2. 3000 சுற்றில் 3.1. மகன் அதைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

மூலை முடுக்கில் தங்கிய பழைய ஆயில் கொஞ்சம் கலந்திருக்கும் என்பதால் ஐந்நூறு கிலோமீட்டரில் இன்னொரு தடவை ஆயில் மாற்றினேன். பெரியவருக்கு நான் கொடுக்கப் போன பணத்தை அவர் வாங்கவில்லை. அவர் வீட்டில் 1970களில் வாங்கிய ஒரு தையல் மெஷின் இருபது வருஷமாக ஓடாமல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து முழுக்கப் பிரித்து, கெரசினில் கழுவி, ஷட்டில் ரேஸைத் தேய்த்து, பெல்ட் மாற்றி, ஓட விட்டுக் கொடுத்தேன். அவர் மருமகள் இப்போது அதில் தைக்கிறாள்.

பங்குனியில் மறுபடி வால்பாறை போய்வந்தேன். இறங்கி வரும்போது செக்போஸ்ட்டில் அதே வனக்காவலர் இருந்தார், வண்டியை அடையாளம் தெரிந்துகொண்டு, "என்னங்க, சரியாயிருச்சா?" என்று குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தார். எஞ்சின் குலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது, லைட் அணைந்தே இருந்தது.

இப்போது ஒவ்வொரு மாதமும் மலைக்குக் கிளம்புவதற்கு முன்தினம் டிப்ஸ்டிக்கை ஒரு வெள்ளை லைனிங் துண்டில் துடைத்து, ஓரத்தில் தேதியையும் மட்டத்தையும் மார்க்கரால் எழுதி மனைவியிடம் கொடுக்கிறேன். அவள் மோந்து பார்த்துவிட்டு, காய்ந்ததும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறாள். போன வாரத் துணியில் மட்டம் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. "வெறும் ஆயில் வாசம்தான்" என்றாள்.